காட்டு யானையைப் படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுமலை, கபினி, வால்பாறை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. புதிதாகக் கேமரா வாங்கிய நண்பர்கள் முதல் பயணத்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். யானையைப் பற்றித்தான் அதிகம். காட்டுமாடு, வரையாடு பற்றியும் கொஞ்சம் உண்டு.

முதல் முறை போகிறேன். எங்கே, எந்த மாதம் போனால் யானை நிச்சயம் கிடைக்கும்?

நிச்சயம் என்று எந்தக் காட்டிலும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு மிக அதிகமுள்ள இடம் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் கபினி அணையின் நீர்த்தேக்கக் கரை, மார்ச் கடைசியிலிருந்து மே வரை. 1974-இல் கட்டி முடித்த அணை அது. கோடையில் தண்ணீர் வடிய வடிய, வண்டல் படிந்த தரை வெளியே தெரியும். அந்த ஈரத்தில் இளம்புல் முளைக்கும். அதே நாட்களில் சுற்றியிருக்கும் பந்திப்பூர், நாகரஹொளே, வயநாட்டுக் காடுகள் இலை உதிர்ந்து காய்ந்து கிடக்கும். குடிக்கத் தண்ணீரும் தின்னப் பச்சைப் புல்லும் ஒரே இடத்தில் இருப்பதால் யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் கலைந்து போய்விடும்.

இலங்கையில் மின்னேரியாவிலும் இதேதான் நடக்கிறது. மகாசேன மன்னன் காலத்துக் குளம், 3-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. வறட்சிக் காலத்தில் குளம் வற்ற வற்றக் கரையில் புல் முளைக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் யானைகள் நூற்றுக்கணக்கில் சேரும். குளத்தின் நீர்மட்டம் இறங்காத வருஷங்களில் புல்லும் குறைவு, யானையும் குறைவு. போகும் முன் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இருக்காது. தந்தம் இல்லையே என்று பிடி, அதாவது பெண் யானை, என முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதுமலை வேறு மாதிரி. 1940-இல் சரணாலயமான பழைய காடு. வெட்டவெளி குறைவு, உண்ணிச்செடிப் புதர் அதிகம். பல நேரம் யானையின் முதுகும் காதும் மட்டும்தான் தெரியும். எனக்கு அது பிடிக்கும். புதர் விலகி ஒரு கண் மட்டும் தெரிகிற படம் வேறு எங்கும் கிடைக்காது. அங்கே அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பச்சையாக இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீ பயம் வந்துவிடும், சில வருஷம் சுற்றுலாவையே நிறுத்திவைப்பார்கள். விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

சொந்தக் காரில் போய், சாலையோரம் யானை நின்றால் நிறுத்தி எடுக்கலாமா?

கூடாது. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தடை. வனத்துறை பிடித்தால் அபராதம் போடும். முதுமலையின் தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியே வைக்கிறார்கள். அந்த ஒன்பது மணி நேரம்தான் அந்தப் பக்கத்து விலங்குகள் நிம்மதியாகச் சாலையைத் தாண்டும். பகலில் ஒரு கார் நின்றால் பின்னால் பத்து கார் நிற்கும். தாண்டக் காத்திருக்கும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோகும். தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. வனத்துறை சஃபாரி வண்டியில் போங்கள்.

படம் எடுக்கத் தனியாக அனுமதி வேண்டுமா?

சஃபாரிச் சீட்டோடு போகிறவருக்கு அங்கங்கே கேமராக் கட்டணம் இருக்கும், அவ்வளவுதான். சஃபாரிப் பாதையை விட்டு உள்ளே போக வேண்டும், குறும்படம் எடுக்க வேண்டும், தானியங்கிக் கேமரா வைக்க வேண்டும் என்றால் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதன் ரீங்காரம் கேட்டாலே யானைகள் மிரளும்.

600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் யானையை எடுக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் கணக்குப் போட்டே பதில் சொல்வது வழக்கம். முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு, 30 மீட்டர் தள்ளி நிற்கும் யானையைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். படச்சட்டத்துக்குள் அடங்குவது 2.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். வளர்ந்த கொம்பன் தோள் வரைக்குமே ஏறக்குறைய 2.7 மீட்டர் இருப்பான். ஆக, தலையும் தும்பிக்கையும் மட்டும்தான் விழும். அதே இடத்திலிருந்து 200 மி.மீ. என்றால் 5.4-க்கு 3.6 மீட்டர், ஒரு யானை நெருக்கமாக அடங்கும். 100 மி.மீ. என்றால் பத்து மீட்டருக்கு மேல் அகலம் கிடைக்கும். தாய், குட்டி, பின்னால் மூங்கில் புதர், கீழே மிதிபட்ட புல் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

எனக்கு அந்த மூன்றாவது படம்தான் வேண்டும். யானை முகம் முழுச் சட்டத்தையும் அடைக்கிற படத்தை மிருகக்காட்சிச் சாலையிலும் எடுக்கலாம், கோயில் வாசலிலும் எடுக்கலாம். காட்டு யானையைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்துவிட்டு, காட்டைப் படத்திலிருந்து வெட்டி எறிய வேண்டுமா? தள்ளி நின்றால் உங்களுக்கும் பாதுகாப்பு, யானைக்கும் நிம்மதி, படத்துக்குள்ளும் காடு வரும்.

அதனால் 100-400 மாதிரி ஒரு ஜூம் போதும். சென்சார் சிறியதாக உள்ள கேமரா என்றால் 70-300 கூடச் சரிதான். புலிக்கும் பறவைக்கும் பெரிய லென்ஸ் உதவும், அது வேறு கதை.

லென்ஸோடு சேர்த்து ஒரு காலித் துணிப்பையை எடுத்துப் போங்கள். போகிற ஊரில் மளிகைக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி அதில் கொட்டிக் கட்டினால், ஜீப் கம்பி மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளும். ஜீப்பில் முக்காலியை விரிக்க இடம் இருக்காது. மணலை மட்டும் நிரப்பாதீர்கள், தூசு கேமராவுக்குள் இறங்கிவிடும்.

எவ்வளவு தூரம் பாதுகாப்பான தூரம்?

முப்பது மீட்டரா, ஐம்பது மீட்டரா என்று எண் கேட்பார்கள். உண்மையில் அதை முடிவு செய்வது எதிரில் இருக்கும் யானைதான். நான் இதைக் கற்றுக்கொண்ட சாயங்காலத்தைச் சொல்கிறேன்.

ஒரு கோடை, நீர்த்தேக்கக் கரை. வண்டியில் ஆறு பேர் இருந்தோம். பிடி ஒருத்தி புல் தின்றுகொண்டிருந்தாள். தும்பிக்கை நுனியால் ஒரு கொத்தை வளைத்துப் பிடிப்பாள், முன்னங்கால் நகத்தால் அடியில் ஓர் உதை, வேரோடு வந்துவிடும். உடனே வாய்க்குப் போகாது. கொத்தைத் தன் முழங்காலில் இரண்டு தரம் அடிப்பாள். பொலபொலவென்று மண் உதிரும். மூன்றாவது தரம் லேசாக உதறிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அடுத்த கொத்து, மறுபடி உதை, மறுபடி அடி. கடிகாரம் மாதிரி நடந்துகொண்டிருந்தது. வண்டியில் எல்லோரும் “இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம்” என்று டிரைவரைக் கேட்டோம், நானும்தான். அவர் வண்டியை நகர்த்தினார்.

கொத்தைப் பிடுங்கினாள், அடித்தாள், அப்படியே நின்றுவிட்டாள். புல் தும்பிக்கையில் தொங்குகிறது, வாய்க்குப் போகவில்லை. குட்டி அவள் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. காது விசிறுவது நின்று, இரண்டு காதும் விரிந்தபடி இருந்தன. டிரைவர் மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்தார். பதினைந்து மீட்டர் போயிருப்போம். அவள் புல்லை வாயில் வைத்தாள்.

அன்றிலிருந்து நான் வாயைத்தான் பார்க்கிறேன். மெல்லுவது நின்றால் கிட்ட வந்துவிட்டோம் என்று பொருள். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்ன வேண்டிய உயிர், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. நாம் நிறுத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் அதன் சாப்பாட்டு நேரம்.

மெல்லுவதை நிறுத்துவது முதல் அறிகுறி. அதற்கு அப்புறம் வருபவை இன்னும் வெளிப்படையாக இருக்கும். வால் விறைத்துத் தூக்குவது, தலையை வெடுக்கென்று ஆட்டுவது, முன்னங்காலை முன்னும் பின்னும் வீசுவது, மண்ணை வாரி எறிவது, தும்பிக்கையை உள்பக்கம் சுருட்டிக்கொள்வது. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் சிலை மாதிரி நின்றால், நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சினைப் போடாமல் அமைதியாக இருங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்து கறுப்புக் கோடு தெரிந்தால் அது மதநீர். பின்னங்கால்களிலும் சிறுநீர் சொட்டி நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கொம்பனையோ, தந்தமில்லாத ஆணான மக்னாவையோ தூரத்தில் இருக்கும்போது இரண்டு படம் எடுத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள்.

யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வர முடியும். மேடு பள்ளத்தில், புதருக்கு நடுவே, நம்மால் அந்த வேகத்தில் ஓட முடியாது. நடந்துபோய் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கேமராவில் என்ன செட்டிங் வைப்பது?

நடக்கும் யானைக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடி போதும். மண் குளியல், தண்ணீர் பீய்ச்சுவது, குட்டிகள் முட்டிக்கொள்வது இவற்றுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, ஒற்றை யானைக்கு எஃப் 5.6, கூட்டத்துக்கு எஃப் 8. வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். இருட்டில் 3200, 6400 போனாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்துகொள்ளலாம், அசைந்து கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுங்கள். படம் எடுக்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஜீப் அதிர்வில் எந்த லென்ஸும் நிற்காது.

வெளிச்ச அளவில்தான் பலர் தவறுகிறார்கள். குளித்து ஏறிய யானை கன்னங்கரேல் என்று இருக்கும். சட்டம் முழுக்கக் கறுப்பைப் பார்த்த கேமரா, காட்சி இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். யானை சாம்பலாக வெளுத்து, அதன் காலடியில் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் அந்தக் கொக்கை வைத்தே அளவு பார்ப்பேன். வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து, கொக்கின் சிறகு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது. கொக்கு சரியாக வந்தால் யானையும் சரியாக வரும். யானைக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் இதற்கு நேர்மாறு, கூட்ட வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேல் நீர்த்தேக்கக் கரையில் எடுத்த படம் கூர்மையாக இல்லை என்று லென்ஸை மாற்றியவர்கள் உண்டு. அது லென்ஸின் குற்றமே இல்லை. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் யானை அதில் நெளிந்துதான் தெரியும். அந்த நேரத்தில் கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பாருங்கள். நாலு மணிக்கு மேல் திரும்ப எடுக்கலாம்.

யானையின் கண் எப்போதும் கறுப்புப் பள்ளமாகவே விழுகிறது. ஏன்?

அவ்வளவு பெரிய தலையில் கண் சின்னது, எலும்பு மேட்டுக்குக் கீழே அமர்ந்திருக்கிறது, நீண்ட இமைமயிர் வேறு. உச்சி வெயிலில் அது நிழலுக்குள் போய்விடும். சூரியன் தாழ்ந்து, பக்கவாட்டில் விழும்போதுதான் உள்ளே வெளிச்சம் போகும். அப்போது பாருங்கள், அந்தக் கண் கறுப்பே இல்லை, தேன் நிறம். கபினியில் படகில் போனால் நாம் தாழ்வாக இருப்போம், யானை தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கும்போது கண் நமக்கு நேராக வரும். ஜீப்பில் இருந்து இது கிடைப்பது கஷ்டம். ஃபிளாஷ் மட்டும் போடவே போடாதீர்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எடுக்கலாமா?

தேயிலைப் பச்சைக்கு நடுவே யானைக் கூட்டம் வரிசையாகப் போகும் படம் அழகுதான். ஆனால் அது பலர் வேலை செய்யும் இடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளை அங்கே வைத்திருக்கிறார்கள். கைப்பேசி மூலம் எரிய விடலாம், குறுஞ்செய்தியும் போகும். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் உயிரோடு வீடு சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. விளக்கு எரிவதைப் பார்த்துக் கேமராவோடு அந்தப் பக்கம் ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் விரட்டிய யானை தொழிலாளர்களின் லயத்து வீடுகள் பக்கம்தான் போகும். எதிர்ச்சரிவில், சாலை வளைவில் நின்று, தோட்டக்காரர்களைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

காட்டுமாடு சாதுவாகத்தானே நிற்கிறது?

கொடைக்கானலிலும் குன்னூரிலும் வீட்டு வாசலிலேயே நிற்பதால் வரும் நினைப்பு இது. சங்கப் பாட்டில் ஆமா என்று வருவது இந்த மாட்டைத்தான். காட்டெருமை என்று சொல்வது பழக்கமாகிவிட்டது, எருமைக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. வளர்ந்த காளை ஒரு டன் வரை போகும். அது பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமிலைக் காட்டியபடி மெதுவாக நடந்தால் தன் உருவத்தைக் காட்டி எச்சரிக்கிறது. மூச்சைச் சீறினால் உடனே பின்வாங்குங்கள். நடுவில் நின்று ஓடும் வழியை அடைத்துவிடக் கூடாது. படம் என்று பார்த்தால், கறுத்த உடம்பும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறையும் ஒரே சட்டத்தில் சரியாக வர மேகமூட்டமான காலைதான் நல்லது.

வரையாட்டை எங்கே எடுக்கலாம்?

மூணாறுக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்கா. அங்கே ராஜமலையில் மனிதர்களைப் பார்த்துப் பழகியிருப்பதால் சாலையோரமே மேயும். பெரிய லென்ஸ் தேவையில்லை. குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவை மூடிவிடுவார்கள். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு, சங்கப் புலவர்கள் வருடை என்று பாடியதும் இதைத்தான். பாறை விளிம்பும் பனிமூட்டமும் சேர்த்து எடுத்தால்தான் அது வாழும் இடம் தெரியும்.

கறுப்பு வெள்ளையில் எடுப்பது பழைய பாணி இல்லையா?

மா. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், 1970-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கேமராவோடு காட்டில் அலைந்தவர். அவருடைய கறுப்பு வெள்ளை யானைகளில் தோலின் சுருக்கமும் காதின் கிழிசலும் அப்படித் தெரியும். யானையைச் சுற்றி மரமும் புல்லும் இருக்கும், எந்தக் காடு என்று யோசிக்க வைக்கும். யானைத் தோலுக்கு நிறத்தைவிட மேடு பள்ளம்தான் முக்கியம் என்பதால் கறுப்பு வெள்ளை நன்றாகவே பொருந்துகிறது. சாயங்காலப் பக்க ஒளியில் எடுத்த ஒரு படத்தை மாற்றிப் பாருங்கள்.

என்ன உடை? கேமராச் சத்தம் கேட்குமா?

மண் நிறம், காய்ந்த புல் நிறம், கரும்பச்சை. சென்ட் வேண்டாம். யானைக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. தும்பிக்கையைத் தூக்கி வளைத்தால் உங்களைத்தான் மோந்து பார்க்கிறது. கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள்.

போனில் எடுக்கலாமா?

தாராளமாக. காட்டை நிறையக் காட்டி, யானையைச் சின்னதாக வைத்து எடுக்கப் போனே போதும். யானைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது மட்டும் வேண்டாம், அதில் உயிர் போயிருக்கிறது.

படத்தை வெளியிடும்போது இடத்தைச் சொல்லலாமா?

காட்டின் பெயரும் மாதமும் போதும். எந்த ஓடை, எந்த வளைவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வேண்டாம். பெரிய தந்தமுள்ள கொம்பன் என்றால் இன்னும் கவனம், அந்தத் தந்தத்துக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். போனிலும் கேமராவிலும் இடக்குறிப்பை அணைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எழுதாவிட்டாலும் கோப்புக்குள் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. தெப்பக்காடு யானை முகாமிலும் ஆனைமலையின் டாப்சிலிப் பக்கமும் எடுத்த வளர்ப்பு யானைப் படங்களைக் காட்டு யானை என்று போடுகிறார்கள். ஆற்றங்கரை, மூங்கில், அழகான ஒளி எல்லாம் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் காலில் சங்கிலித் தழும்பு இருக்கும், சில நேரம் சங்கிலியே இருக்கும். அவையும் நல்ல படங்கள்தான். தலைப்பில் “முகாம் யானை” என்று எழுதி, பக்கத்தில் பாகன் நின்றால் அவரையும் வெட்டாமல் சட்டத்துக்குள் வைத்துப் போடுங்கள்.